கரண்ட் போனால் கிணறும் போகும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பனிப்புயலுக்குத் தயாராவது பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். மெழுகுவத்தி, டார்ச், கம்பளி, மூன்று நாளுக்கு உணவு, பவர் பேங்க், தண்ணீர் உறையாமலிருக்கக் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவைப்பது என்று வரிசையாகப் பதினைந்து யோசனைகள். ஒன்றும் தப்பில்லை. நகரத்தில் ஏழாவது மாடியில் குடியிருப்பவருக்கு அது போதும். நான் சத்தமாகப் படித்து முடித்ததும் என் மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை எழுதினவங்க வீட்டுக்குத் தண்ணி எங்கிருந்து வருதாம்?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் இருப்பது ஊரை விட்டு விலகிய வீடு. தார்ச் சாலை முடிந்த பிறகு மண் பாதையில் மூன்று கிலோமீட்டர் உள்ளே வர வேண்டும். பக்கத்து வீடு என்பது ராத்திரியில் ஜன்னல் வழியே தெரியும் ஒரு விளக்குப் புள்ளி, அவ்வளவுதான். என் கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். மீதி நான், மாமியார், ஒரு மகள், ஒரு மகன்.

எங்களுக்குத் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. கிணற்றின் அடியில் மோட்டார் கிடக்கிறது. கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், குழாயும் நிற்கும். பேஸ்மென்ட்டில் உள்ள பிரஷர் டேங்கில் இருபது, முப்பது லிட்டர் மிச்சம் இருக்கும். அது தீர்ந்ததும் குழாயில் காற்றுதான். அப்புறம் எந்தக் குழாயைச் சொட்டவிடுவது? வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் அப்படித்தான். அது கேஸில் எரிகிறது, வெளியே பெரிய கேஸ் டேங்க் நிற்கிறது, ஆகவே கவலை இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தீயைப் பற்றவைப்பதும், சூட்டை அறைகளுக்குத் தள்ளும் காற்றாடியைச் சுற்றுவதும் மின்சாரம் என்பது, அது நின்ற பிறகுதான் தெரிந்தது. தண்ணீர், சூடு, கழிப்பறை, தொலைபேசி எல்லாமே ஒரே கம்பியில் தொங்குகின்றன. அந்தக் கம்பியின் கடைசி வீடு நாங்கள். மின்சாரத்தை மீட்க வருபவர்கள் அதிகம் பேருக்கு வெளிச்சம் கிடைக்கும் பாதைகளைத்தான் முதலில் சரிசெய்வார்கள்; அதுதான் நியாயமும்கூட. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் பகுதியில் உறைமழை (பட்ட இடத்திலேயே ஐஸாக உறையும் மழை) பெய்து 1,000க்கும் அதிகமான உயரழுத்த மின்கோபுரங்கள் சாய்ந்தபோது, சில கிராமப்புறங்களுக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. உங்கள் கட்டுரையின் "மூன்று நாள்" எங்களைப் போன்றவர்களுக்கு ஆரம்பம்தான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வானிலைச் செய்தி இரண்டு நாளுக்கு முன்பே வந்துவிட்டது. "எத்தனை அங்குலம் விழுமாம்?" என்றுதான் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு அங்குலம் என்றார்கள். பன்னிரண்டா, அதை நிறைய தடவை பார்த்தாச்சே என்று இருந்துவிட்டேன். கேட்க வேண்டியது காற்றைப் பற்றி. அமெரிக்க வானிலைத் துறையின் கணக்கில், மணிக்கு 56 கிலோமீட்டருக்குக் குறையாத காற்றும், 400 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத அளவு பறக்கும் பனியும் மூன்று மணி நேரம் நீடித்தால் அது பனிப்புயல். கனடாவில் 40 கிலோமீட்டர் காற்று, அதே 400 மீட்டர், நான்கு மணி நேரம். இரண்டிலும் அங்குலக் கணக்கே கிடையாது. ஏற்கெனவே தரையில் கிடக்கும் பனியை வாரி அடித்தாலே போதும். மறுநாள் காலையில் எங்கள் முன்வாசலில் புல் தெரிந்தது. மேற்குப் பக்கம் சமையலறை ஜன்னலின் பாதிவரை பனி ஏறியிருந்தது. நமக்குப் புல்லில் நிற்கும் ஈரமும் பனி, புகைபோல் மூடுவதும் பனி, ஜன்னலை மறைப்பதும் பனி. பெரும்பொழுது ஆறில் முன்பனி, பின்பனி என்று இரண்டைப் பிரித்துவைத்தவர்கள் இதைப் பார்த்திருந்தால் இன்னும் நாலு சொல் உண்டாக்கியிருப்பார்கள்.

கரண்ட் சாயங்காலம் ஏழே காலுக்குப் போனது. வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தோம். மகன் கழிப்பறைக்குப் போய்வந்து, பழக்கதோஷத்தில் ஃப்ளஷ் பண்ணிவிட்டு, கையையும் சாவகாசமாகக் கழுவிவிட்டு வந்தான். டேங்கில் இருந்த தண்ணீரில் பாதி அதோடு போயிற்று. குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் எடுத்துவைக்கச் சொல்வார்கள். எங்களிடம் இருந்தது இரண்டு கேன். குளியல் தொட்டியை நிரப்பிவைக்க வேண்டும் என்பதுகூட, மோட்டார் ஓடும்போது தோன்றாமல் நின்ற பிறகு தோன்றியது.

சரி, வெளியேதான் மலைபோல் பனி கிடக்கிறதே, உருக்கிக்கொள்ளலாம் என்றாள் மகள். கூடத்தில் ஒரு விறகுக் கணப்பு இருக்கிறது. பெரிய பாத்திரத்தில் பனியை நிரப்பி அதன்மேல் வைத்தேன். சிறிது நேரத்தில் தீய்ந்த வாடை. அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத்தான் பனியைப் போட வேண்டும். இல்லாவிட்டால் தொட்ட இடத்துப் பனி உருகி ஆவியாகி, மேலே உள்ளது பஞ்சுபோல் நிற்க, பாத்திரம் வெறும் சூட்டில் கருகும். புதுப்பனி பத்து லிட்டர் உருகினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் கழிப்பறை ஒரு தடவைக்கு ஆறு லிட்டர் கேட்கும். நன்றாக அமுக்கி அள்ளினாலும் மூன்று பக்கெட் பனி. நாலு பேருக்கு எத்தனை பக்கெட் என்று அத்தை விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "நான் சாப்பிடாமலே இருந்துடறேன்" என்றார்.

விறகும் ஒழுங்காக இல்லை. நல்ல விறகெல்லாம் கொட்டகையில், வீட்டிலிருந்து நாற்பது அடி எடுத்துவைக்கும் தூரத்தில். அந்த ராத்திரியில் நாற்பது அடியும் கண்ணுக்குத் தெரியவில்லை. முகத்துக்கு நேரே நீட்டிய டார்ச் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டதுபோல் திரும்பி என் கண்ணிலேயே அடித்தது. அந்தக் காலத்துப் பண்ணைக்காரர்கள் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவே கயிறு கட்டிவைப்பார்களாம். எதற்கு என்று அன்றைக்குப் புரிந்தது. கையோடு இருந்த பதினைந்து கட்டை விடியும் முன்பே தீர்ந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் சிரமம். இனிச் சொல்வதற்குத்தான் நான் இன்னும் கூசுகிறேன்.

கணவர் வாங்கிவைத்த சின்ன ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. வீட்டைவிட்டு இருபதடியாவது தள்ளி, கதவு ஜன்னல் பக்கம் இல்லாமல் வைக்க வேண்டும் என்று அதன்மேலேயே ஒட்டியிருக்கிறது. படித்தேன். ஆனால் இருபதடி தள்ளி வைத்தால் அது பனியில் நனையும். நனைந்த ஜெனரேட்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்றும் அதே அட்டையில் எழுதியிருக்கிறது. காலை நாலு மணிக்கு, பிள்ளைகள் குளிரில் சுருண்டு கிடக்கும்போது, இரண்டு எச்சரிக்கைக்கும் நடுவில் நின்ற நான் செய்தது இதுதான்: கொல்லைப்புறத் தாழ்வாரத்துக் கூரையடியில், சமையலறைக் கதவை ஒட்டி வைத்தேன். வெளிதானே, மூன்று பக்கமும் திறந்துதானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒயர் உள்ளே வர வேண்டுமே, அதனால் கதவு நாலு விரற்கடை திறந்திருந்தது. சந்து வழியே குளிர் வராமலிருக்கத் துண்டைச் சொருகினேன். ஒரு விளக்கு, ஒரு சின்ன ஹீட்டர், ஃப்ரிட்ஜ். கிணற்று மோட்டாரை இழுக்கும் சக்தி அதற்கு இல்லை. இருந்தாலும் ஹீட்டரின் சிவப்புக் கம்பியைப் பார்த்ததும் பெரிய சாதனை செய்துவிட்டதுபோல் இருந்தது.

ஒன்றரை மணி நேரம் இருக்கும். மகள் தலைவலி என்றாள். சாப்பிடவில்லை அல்லவா, அதனால் இருக்கும் என்றேன். அத்தை தலை கனக்கிறது, குமட்டுகிறது என்றார். எனக்கும் நெற்றியில் பட்டை கட்டியதுபோல் இருந்தது. மகன் நன்றாகத் தூங்குகிறான் என்று சந்தோஷப்பட்டேன். பெட்ரோல் தீர்ந்துகொண்டிருக்கும் என்று ஊற்றுவதற்காக வெளியே போனேன். எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறட்டும் என்று தாழ்வாரத்தைத் தாண்டிக் காற்றில் போய் நின்றேன். ஐந்து நிமிடத்தில் தலைவலி குறைந்தது. குளிர்காற்று பட்டால் நல்லதுதான் போல என்று நினைத்துக்கொண்டு, ஊற்றிவிட்டு, மறுபடி ஓடவிட்டு உள்ளே வந்தேன். சற்று நேரத்தில் அதே பட்டை மறுபடி நெற்றியில் இறுகியது. வெளியே போனால் விடுகிறது, உள்ளே வந்தால் பிடிக்கிறது. அந்த ஒரு நொடியில் உடம்பெல்லாம் வேர்த்தது.

கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் என்று காய்ச்சல் இல்லாத ஃப்ளூ மாதிரி தொடங்கும். தூங்குகிறவன் எழுந்திருக்காமலே போய்விடலாம். எஞ்சினை அணைத்து, இரண்டு பக்க ஜன்னலையும் திறந்து, மகனை இழுத்து எழுப்பி, எல்லோருக்கும் கோட்டு மாட்டி முன்வாசலில் நிறுத்தினேன். அவன் கண்ணைத் திறந்து "ஸ்கூல் இருக்கா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. கைபேசியில் அவசர எண்ணைக் கூப்பிட்டேன். பாதை மூடிக் கிடக்கிறது, வர நேரமாகும், வெளிக்காற்றிலேயே இருங்கள் என்றார்கள். அரை மணி நேரம் அப்படியே நின்றோம். நல்லவேளை, அதோடு போயிற்று.

வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. கோடையில் நிமிடத்துக்கு ஒரு தடவை கீச், கீச் என்று கத்தி உயிரை எடுத்தது. நான்தான் நாற்காலி போட்டு ஏறி பேட்டரியைக் கழற்றினேன். அந்த ஒற்றைக் கீச், பேட்டரி தீர்ந்தது அல்லது கருவிக்கே ஆயுள் முடிந்தது என்பதற்கான குரல். ஆபத்து என்றால் நாலு தடவை அடித்து, நிறுத்தி, மறுபடி நாலு அடிக்கும். பின்னால் திருப்பிப் பார்த்தால் எப்போது மாற்ற வேண்டும் என்று தேதி இருக்கும்; ஏழிலிருந்து பத்து வருடம்தான் அந்தக் கருவிகளுக்கு. எங்களுடையது காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. 2021 பிப்ரவரியில் டெக்சஸில் குளிர்ப்புயல் அடித்து மின்சாரம் போனபோது இறந்த 246 பேரில் 19 பேர் இந்த வாயுவால் போனவர்கள் என்று அந்த மாநில சுகாதாரத் துறை கணக்குக் கொடுத்தது. அவர்களும் வீட்டாரைக் குளிரிலிருந்து காப்பாற்றத்தான் எதையோ எரித்திருப்பார்கள்.

மறுநாள் இன்னொரு காரியம் செய்தேன். அத்தைக்கு இன்சுலின் போடுகிறோம். ஃப்ரிட்ஜ் மூடியே இருந்தால் நாலு மணி நேரம்தான் குளிர்ச்சி தாங்கும். (நிறைந்திருக்கும் ஃப்ரீசர் மூடியிருந்தால் இரண்டு நாள் தாங்கும், சும்மா சும்மா திறந்து பார்க்கக் கூடாது.) இன்சுலின் கெட்டுவிடுமே என்று புத்திசாலித்தனமாகப் பெட்டியோடு எடுத்துத் தாழ்வாரத்துப் பனியில் புதைத்துவைத்தேன். குளிர்ச்சிக்கா பஞ்சம்? சாயங்காலம் எடுத்தால் உள்ளே கல்லாக உறைந்திருக்கிறது. உறைந்த இன்சுலினை உருகவிட்டாலும் பயன்படுத்தக் கூடாது. இரண்டு மாதத்துக்கானது குப்பைக்குப் போனது. அப்போது பயன்படுத்திக்கொண்டிருந்த பேனா அத்தையின் கைப்பையில் இருந்ததால் பிழைத்தோம். வீட்டின் அறை வெப்பத்திலேயே அதைச் சில வாரம் வைத்துக்கொள்ளலாம் என்பது அட்டைப்பெட்டியில் உள்ள தாளிலேயே இருக்கிறது. யார் படிக்கிறோம்?

நான்காம் நாள் இரவு கரண்ட் வந்தது. எல்லோரும் கத்தினோம். கத்தி முடிக்கும் முன் பின்பக்கக் குளியலறைச் சுவருக்குள்ளிருந்து உஸ்ஸென்று சத்தம். வெளிச்சுவரை ஒட்டிப் போகும் குழாய் உறைந்து வெடித்திருக்கிறது. அது எங்களுக்குத் தெரியாது. மோட்டாரோ வந்த வேகத்தில் தண்ணீரை ஏற்றிவிட்டது. தண்ணீர் உறைந்தால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். ஐஸ் கட்டிய இடத்தில்தான் குழாய் வெடிக்கும் என்று நினைத்திருந்தேன். பழுது பார்க்க வந்தவர் காட்டினார்: ஐஸுக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, ஐஸே இல்லாத இடத்தில் பிளந்திருந்தது. கரண்ட் போய் வீடு ஆற ஆரம்பித்ததும் செய்ய வேண்டியது, கிணற்று மோட்டாரின் பிரேக்கரை அணைத்துவிட்டு, மேல் குழாயைத் திறந்துவைத்து, எல்லாவற்றிலும் தாழ்வான குழாய் வழியே தண்ணீரைப் பாத்திரங்களில் வடித்துவிடுவது. குழாயும் பிழைக்கும், குடிக்கவும் தண்ணீர் கிடைக்கும். எது தாழ்வான குழாய் என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் பேந்தப் பேந்த முழித்திருப்பேன். பேஸ்மென்ட்டில் பழைய சைக்கிளுக்குப் பின்னால் இருக்கிறது.

அந்த வருடம் அக்டோபரில் அத்தைதான் சொன்னார், "பள்ளிக்கூடத்துல தீ விபத்துக்கு ஒத்திகை பண்றாங்களாமே, நாமும் பண்ணுவோம்." அப்படித் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மெயினை அணைத்தோம். மறுநாள் காலை பத்து வரை போடக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது. வெளியே நல்ல நிலா, லேசான குளிர். உயிருக்கு ஆபத்தில்லாமல் முட்டாள்தனங்களைக் கண்டுபிடிக்க அருமையான இரவு.

எத்தனை வெளிவந்தது தெரியுமா? ஜெனரேட்டர் கிளம்பவேயில்லை. ஜனவரியில் ஊற்றிய பெட்ரோல் உள்ளேயே கிடந்து கார்புரேட்டரில் பிசினாகிவிட்டிருந்தது. இப்போதெல்லாம் பெட்ரோல் தீரும்வரை ஓட்டி எடுத்துவைக்கிறோம், மாதம் ஒரு தடவை பத்து நிமிடம் ஓடவிடுகிறோம். டார்ச்சில் பேட்டரி கசிந்து பச்சை பிடித்திருந்தது. வீட்டுத் தொலைபேசி இன்டர்நெட் பெட்டி வழியாக வருவது, அதுவும் செத்தது. கார் நிற்கும் கொட்டகைக் கதவு கரண்டில் திறப்பது. உள்ளே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கையால் தூக்கலாம் என்று பத்து வருடம் அந்த வீட்டில் இருந்த எங்களுக்குத் தெரியவில்லை. உச்சம் எது என்றால், அவசரத்துக்கு என்று வாங்கி அடுக்கிய டின்கள். அவற்றைத் திறக்கும் கருவி கரண்டில் ஓடுவது. மகன் ஒரு டின்னைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஒத்திகையில் பெரிய செலவு ஒன்றுதான். கிணற்று மோட்டாரை இழுக்கும் அளவுக்கு ஜெனரேட்டர் வாங்கி, லைசென்ஸ் உள்ள மின்பணியாளரைக் கொண்டு மாற்று ஸ்விட்ச் போட்டோம். அது வீட்டுக் கம்பியைத் தெருக் கம்பியிலிருந்து துண்டித்துவிட்டுத்தான் ஜெனரேட்டரோடு சேர்க்கும். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரைச் சுவர் பாயின்ட்டில் சொருகினால் போதும் என்று யோசனை சொல்ல ஆட்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். அந்த மின்சாரம் திரும்பி வெளியே ஓடி, டிரான்ஸ்ஃபார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறி, உங்களுக்காகக் கம்பத்தில் ஏறியிருப்பவரைக் கொல்லும்.

ஜெனரேட்டருக்கு இடமும் அந்த ஒத்திகையில்தான் முடிவானது. வீட்டிலிருந்து இருபத்தைந்து அடியில், காற்று வீட்டைப் பார்த்து அடிக்காத மூலையில், நாலு கம்பம் நட்டு மேலே ஒரு தகரம். பக்கச் சுவர் கிடையாது. என் கணவர் ஒரு மத்தியானத்தில் கட்டி முடித்துவிட்டார். அன்றைக்கு அந்தத் தகரம் இருந்திருந்தால் காலை நாலு மணிக்கு நான் எதையும் யோசிக்க வேண்டியிருந்திருக்காது. உங்கள் பட்டியலில் வாங்க வேண்டியவை நிறைய இருந்தன. முன்கூட்டியே இடம் முடிவு செய்ய வேண்டியவை ஒன்றுகூட இல்லை.

இன்னும் சில, தரை இறுகும் முன் முடிக்க வேண்டியவை. பாதையின் இரு பக்கமும் ஆள் உயரக் குச்சிகள் நட வேண்டும். பனி தள்ளும் வண்டிக்காரருக்குப் பாதை எது, பள்ளம் எது என்று வேறெப்படித் தெரியும்? தரை உறைந்த பிறகு சம்மட்டியால் அடித்தாலும் குச்சி இறங்காது. கிணற்று மூடி, கேஸ் டேங்க், ஃபர்னஸின் புகைக்குழாய் சுவரிலிருந்து வெளியே வரும் இடம் மூன்றுக்கும் ஒவ்வொரு குச்சி. அந்தப் புகைக்குழாயைப் பனி மூடினால் ஃபர்னஸ் நின்றுவிடலாம். இல்லாவிட்டால் புகை உள்ளே திரும்பலாம். புயல் நடுவிலும், கரண்ட் வந்தவுடனும் முதலில் பார்ப்பது அதைத்தான். கேஸ் டேங்க் முள் 80 காட்டினால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம்; விரிவடைய இடம் விட்டு 80 சதவீதம்தான் நிரப்புவார்கள். எங்களுடையது அந்த ஜனவரியில் 25ல் நின்றது. செப்டிக் டேங்க் மேல் கிடக்கும் பனியை மட்டும் தொடாதீர்கள், அதன்மேல் வண்டியும் ஏற்றாதீர்கள். அந்தப் பஞ்சுப் பனிதான் அதற்குப் போர்வை. அமுங்கினால் குளிர் ஆழமாக இறங்கிவிடும். விறகு மூன்று நாளுக்கு முன்தாழ்வாரத்தில் இருக்க வேண்டும். கணப்புச் சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே. ஆறிவிட்டதுபோல் இருக்கும் சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடிருக்கும்.

பனி அள்ளுவது பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்தாம் நாள் வந்து சேர்ந்த என் கணவர், நாங்கள் பட்டதைக் கேட்ட குற்ற உணர்ச்சியில் லாரியை விட்டு இறங்கிய கையோடு மண்வெட்டியை எடுத்தார். அடுத்து ஏணியைச் சாத்திக் கூரையில் ஏறப் பார்த்தார். கூரைப் பனியைத் தரையில் நின்றபடியே நீளக் கம்பு வைத்த வாரியால் இழுக்க வேண்டும். புதுப்பனி ஒரு கன மீட்டர் 100 கிலோவைத் தொடாது. அமுங்கி, மேலே மழையும் பெய்தால் 400 கிலோவைத் தாண்டும். ஆளும் சேர்ந்து ஏறினால் என்ன ஆகும்? மண்வெட்டி விஷயமும் விளையாட்டில்லை. கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2017ல் வெளியான ஆய்வு ஒன்று, 20 செ.மீ. பனி விழுந்த மறுநாள் ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு, பனியில்லாத நாளைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுவதாகச் சொல்கிறது. அத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "போதும், உள்ள வா" என்று என் கணவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவரும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

கடிதம் கட்டுரையைவிட நீண்டுவிட்டது. இடமில்லை என்றால் கூரையையும் மண்வெட்டியையும் வெட்டிவிடுங்கள். ஜெனரேட்டர் பகுதியை மட்டும் வெட்ட வேண்டாம். என் பெயரும் வேண்டாம், இன்சுலினைப் பனியில் புதைத்தவள் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டுமா என்ன? அடுத்த வருடம் இதேபோல் கட்டுரை போடுவதாக இருந்தால் தயவுசெய்து அக்டோபரில் போடுங்கள். டிசம்பரில் படித்தால் குச்சி நட முடியாது.

எங்கள் வீட்டில் இந்த வருட ஒத்திகை வரும் சனிக்கிழமை. கணவர் ஊரில் இருக்க மாட்டார், வேண்டுமென்றேதான் அந்தத் தேதி. மகன் டின் திறக்கும் கைக்கருவி இரண்டைச் சமையலறை ஆணியில் மாட்டிவைத்திருக்கிறான். மெயினை அணைக்கப்போவது இந்தத் தடவை தான்தான் என்று அத்தை சொல்லிவிட்டார். பேஸ்மென்ட் படியில் இறங்கிப் பழக, நேற்றிலிருந்தே டார்ச்சும் கையுமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
மண் பாதைக் கடைசி வீட்டு வாசகி